மாற்று எஞ்சின் போட்ட பழைய ஃபோர்க்லிஃப்ட்: மீட்பதா, திருத்துவதா, விற்பதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழைய ஃபோர்க்லிஃப்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் பட்டறைகள், காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள், ஓசூர் சிப்காட்டின் சிறு தொழிற்கூடங்கள் என எல்லோருக்கும் பளு தூக்க ஒரு வண்டி வேண்டும். புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. அதனால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், பல ஆண்டுகள் உழைத்துக் களைத்த 3 டன் டீசல் வண்டியைப் பேரம் பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அப்படி வருபவற்றில் ஒரு வகை வண்டியைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது: சொந்த எஞ்சின் போய், டிராக்டர் எஞ்சினோ வேன் எஞ்சினோ ஏற்றப்பட்ட வண்டி. எஞ்சினை மாற்றியதில் தவறில்லை. எஞ்சினை மட்டும் மாற்றி, அதைச் சுற்றியுள்ள எதையும் தொடாமல், மேலே மஞ்சள் பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வாங்கிவிட்டவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வண்டிக்கு உரிய எஞ்சினையே தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்தலாம். ஏறியிருக்கும் எஞ்சினையே வைத்துக்கொண்டு, விட்டுப்போன வேலைகளை முறையாகச் செய்யலாம். இரண்டும் வேண்டாமென்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வாடகை வண்டிக்கோ பேட்டரி வண்டிக்கோ போகலாம். எது சரி என்பது எஞ்சினின் நிலையைவிட, அதைப் பொருத்தியவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபேனிலிருந்து தொடங்க வேண்டும். ஜீப்பிலும் டிராக்டரிலும் ரேடியேட்டர் முன்பக்கம் இருக்கிறது. ஃபேன் வெளிக்காற்றை அதன் வழியாக உள்ளே இழுக்கிறது. ஃபோர்க்லிஃப்டில் ரேடியேட்டர் பின்பக்கம், முன்னால் தூக்கும் பளுவைச் சமன்செய்யும் இரும்பு எடையான கவுண்டர்வெயிட்டை ஒட்டி நிற்கிறது. இங்கே ஃபேன் காற்றை ரேடியேட்டர் வழியாகத் தள்ளி, கவுண்டர்வெயிட்டில் உள்ள திறப்பின் வழியே வெளியேற்ற வேண்டும். டிராக்டர் எஞ்சினை அதன் இழுக்கும் ஃபேனோடு அப்படியே ஏற்றினால், ரேடியேட்டரின் சூடெல்லாம் எஞ்சின் மேலும் ஓட்டுநரின் காலடியிலும் வந்து கொட்டும். போதாததற்கு, பின்னால் கிளம்பும் கிரானைட் தூளையும் சைலன்சர் புகையையும் ஃபேன் உள்ளே இழுத்து ரேடியேட்டரை அடைத்துவிடும்.

"ஃபேனைத் திருப்பிப் போட்டுவிட்டோம், அண்ணா, இனி ஹீட் ஏறாது" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது நடக்காது. போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும், வலப்பக்கம் சுற்றினால் இறுகும் வலமரை வலமரைதான். ஃபேன் இறக்கையின் சாய்வும் அப்படியே. சுழலும் திசை மாறாத வரை காற்றின் திசையும் மாறாது. இறக்கையின் வளைவு தலைகீழாவதால் வீசும் காற்று குறைவது மட்டுமே மிச்சம். தள்ளும் ஃபேன் என்று தனியாகவே கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும். சோதிப்பதற்கு ஒரு தாள் போதும். எஞ்சின் ஓடும்போது கவுண்டர்வெயிட்டின் திறப்பருகே தாளைப் பிடித்தால் அது வெளிப்பக்கமாகப் பறக்க வேண்டும். உள்ளே ஒட்டிக்கொண்டால், விற்றவர் சொன்ன கதை எதையும் நம்ப வேண்டாம்.

ஹீட் ஏறுகிறது என்று தெரிந்ததும் அடுத்ததாக, ரேடியேட்டருக்குப் போகும் நீரைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, அதன் அடிவால்வு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். காலையில் எஞ்சின் சூடேற வெகுநேரமாகி, சிலிண்டரின் உள்ளுறையான லைனர் தேயும்; மதியம் பளுவோடு ஓடும்போது ஹீட்டும் ஏறும். இரண்டு பக்கமும் நட்டம்.

அடுத்தது கவர்னர். ஃபோர்க்லிஃப்ட் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹைட்ராலிக் பம்பின் சுமை திடீரென ஏறும், திடீரென இறங்கும். மிதி எந்த இடத்தில் இருந்தாலும் அதற்குரிய வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற கவர்னர் அதற்குத் தேவை. டிராக்டர் எஞ்சினில் அது இருக்கிறது. சாலையில் ஓடும் பல வாகனங்களின் டீசல் பம்பில் ஐட்லிங் வேகத்தையும் உச்ச வேகத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும் கவர்னரே இருக்கும். நடுவில் உள்ளதை ஓட்டுநரின் கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட எஞ்சின் ஏறிய வண்டியில், தூக்கும் லீவரை இழுத்ததும் எஞ்சின் அமுங்கும். ஓட்டுநர் மிதியை அழுத்துவார். பளு மேலே போய் நின்றதும் எஞ்சின் அலறும். கண்ணாடிபோல் பாலிஷ் செய்த ஸ்லாபைத் தூக்கி நிறுத்தியிருக்கும் நேரத்தில் இது விளையாட்டல்ல.

டிராக்டர் எஞ்சினிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அவற்றில் பல, நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுக்கு வடிவமைக்கப்பட்டவை. ஃபோர்க்லிஃப்டின் சொந்த எஞ்சினோ 2,400, 2,500 சுற்று ஓடும். அதே ஹைட்ராலிக் பம்பை 2,500க்குப் பதில் 2,000 சுற்றில் ஓட்டினால் எண்ணெய் ஐந்தில் நான்கு பங்குதான் வரும்; பளுவைத் தூக்கும் முன்பக்கச் சட்டமான மாஸ்ட் மெதுவாக ஏறும். வாங்க வந்தவர் "ஏன் இவ்வளவு மந்தம்?" என்று கேட்பாரே என்று, டீசல் பம்பின் ஈயச் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகிவிடுகிறார்கள். வேகம் கூடுகிறது, கூடவே டீசலும் அதிகமாகப் பாய்கிறது. பளு ஏறினால் கறுப்புப் புகை தள்ளும் வண்டிகளில் பல இப்படித் திருகப்பட்டவைதான். உடைந்த சீலை நான் எஞ்சினின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைவிட முக்கியமாகப் பார்க்கிறேன்.

பொருத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு எஞ்சினை, அதன் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு இணைக்க நடுவில் ஓர் அடாப்டர் தகடு வேண்டும். அதைக் காஸ் கட்டரால் வெட்டி, துளையைக் கண் அளவில் போட்டிருப்பதைப் பார்க்கிறோம். தகடு மெலிந்தால் கன்வெர்ட்டர் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கை முன்னோக்கி அழுத்தி, அதன் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரைத் தின்றுவிடும். தடித்தால் கன்வெர்ட்டர் கியர் பாக்ஸின் பம்ப் கியரில் முழுதாக அமராது. மையம் விலகினால் ஆயில் சீல் மாற்றி மாற்றி மாளாது. கிராங்க் புல்லியை நெம்புகோலால் முன்னும் பின்னும் அசைத்து, டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்த்தால் தகட்டின் கதை தெரிந்துவிடும். கையேட்டில் உள்ள அளவைத் தாண்டியிருந்தால் அந்த எஞ்சின் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது. ஹைட்ராலிக் பம்பை பெல்ட் போட்டு ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். பக்கவாட்டு இழுவை சாதாரண கியர் பம்பின் ஷாஃப்டுக்கு ஆகாது.

கடைசியாக எடை. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஃபோர்க்லிஃப்டில் எஞ்சினும் கவுண்டர்வெயிட்டின் ஒரு பகுதிதான். முன் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் எஞ்சின் 100 கிலோ குறைந்துவிட்டது என்று வையுங்கள். ஃபோர்க்கில் பளுவின் மையமும் முன் அச்சிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால்தான் இருக்கிறது. கவிழாமல் நிற்கும் எல்லையில் ஏறக்குறைய அதே 100 கிலோ போய்விட்டது. ஆனால் தூக்கும் திறனைக் காட்டும் வண்டியின் தகட்டில் 3,000 கிலோ என்றே இருக்கும். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. மூன்று மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள ஒரு ஸ்லாப் 290 கிலோவைத் தாண்டும். பத்து ஸ்லாபைக் கட்டித் தூக்கும் பட்டறையில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தூக்கும் திறனையோ பாதுகாப்பையோ பாதிக்கும் மாற்றத்தைத் தயாரிப்பாளரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்றும், செய்தால் தகட்டையும் மாற்ற வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி சொல்கிறது. அங்கே கவிழும் வண்டி இங்கேயும் கவிழும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

உரிய எஞ்சினுக்கே திரும்புவதுதான் என் மனம் முதலில் நாடும் வழி. மேலே சொன்ன தொல்லைகள் பெரும்பாலும் ஒரே அடியில் தீர்ந்துவிடுகின்றன: ஃபேன், கவர்னர், பம்ப் இணைப்பு, எடை எல்லாம் தயாரித்தவர் கணக்குப்படி வந்துவிடும். ஆனால் இது எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. இசுசுவின் 2,369 சிசி சி240 எஞ்சின் ஜப்பானிய வண்டிகளிலும் சீன வண்டிகளிலும் பரவலாக இருப்பதால் லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் தேடி அலைய வேண்டியதில்லை. டொயோட்டாவின் 1டிஇசட் வகைக்கும் உதிரி பாகங்கள் வருகின்றன. இந்திய வண்டியில் சிம்ப்சன் எஞ்சின் இருந்திருந்தால் இன்னும் நிம்மதி. டாஃபேயின் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களிலும் சிம்ப்சன் எஞ்சின்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி டிராக்டர் உதிரி பாகக் கடைகளுக்கு அது அன்றாடச் சரக்கு. அரிதான எஞ்சினாக இருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் மட்டும் கிடைத்தால் போதாது. ஃப்ளைவீல் ஹவுசிங், மவுண்டிங் பிராக்கெட்டுகள், ஃபேன், பம்ப் இணைப்பு ஆகியவை அந்த வண்டிக்கே உரியவையாக வேண்டும். விற்றவரின் பட்டறை மூலையில் அவை பெரும்பாலும் பழைய இரும்போடு கிடக்கும். எடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும். அவை போய்விட்டால் சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரிலோ ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். பணத்தைவிட நாள்தான் அதிகம் போகும்.

ஏறியிருக்கும் எஞ்சினையே திருத்துவது இரண்டாவது வழி. செலவு குறைவு என்று எல்லோரும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். டிராக்டர் எஞ்சினாகவோ ஜெனரேட்டர், கம்ப்ரஸர் போன்ற தொழிற்கூட எஞ்சினாகவோ இருந்து, கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் திருத்தலாம். அடாப்டர் தகட்டை ஓசூரில் நல்ல லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும். டீசல் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எஞ்சினின் சொந்த அளவுக்கே கொண்டுவந்து சீல் வைக்க வேண்டும். மாஸ்ட் மெதுவாக ஏறட்டும். மந்தம் பொறுக்கவில்லையென்றால் கொஞ்சம் பெரிய ஹைட்ராலிக் பம்ப் போடலாமே தவிர, எஞ்சினை விரட்டக் கூடாது. மூன்று சிலிண்டர் எஞ்சினென்றால் மவுண்டிங் ரப்பரும் அந்த அதிர்வுக்கு ஏற்றதாக வேண்டும். பிறகு வண்டியை எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே எடை எடுத்து, தயாரிப்பாளரின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். பின் அச்சில் குறைந்தால் திறனைக் குறைத்துத் தகட்டில் எழுத வேண்டும். கவுண்டர்வெயிட்டின் மேல் இரும்புத் துண்டுகளை வெல்டிங் செய்து ஒட்டுவதை ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

வேனிலிருந்து எடுத்த, கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் காமன்ரெயில் எஞ்சினாக இருந்தால் திருத்தும் பேச்சே வேண்டாம். அதன் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது வேன் மட்டும்தான்.

மூன்றாவது வழியைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் அதிகம். மாங்கூழ் ஆலைக்காரர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். ஒரு கூழ் ட்ரம் சுமார் 215 கிலோ; ஒரு பேலட்டில் நான்கு வைத்தாலும் ஒரு டன்னைத் தாண்டாது. அதற்கு 3 டன் டீசல் வண்டி எதற்கு? 2 டன் பேட்டரி வண்டி தாராளமாகப் போதும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்துவிட்டது. மூடிய கிடங்கில், உணவுப் பொருளுக்கு நடுவே, கறுப்புப் புகை தள்ளும் வண்டியை ஓட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. பெங்களூரா மாங்காய் குவியும் ஜூன், ஜூலையில் மட்டும் கூடுதலாக ஒரு வாடகை வண்டி எடுத்துக்கொண்டால், மற்ற மாதங்களில் கன்டெய்னர் ஏற்ற ஒரு பேட்டரி வண்டி போதுமானது. சீசனுக்கு நடுவில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவதைவிட வாடகை மலிவு.

கிரானைட் பட்டறைக்கு இது பொருந்தாது. மேடு பள்ளமான தரை, எங்கும் ஈரச் சேறு, நாள் முழுதும் கனத்த பளு. அங்கே டீசல் வண்டிதான் தாங்கும். ஆகவே அவர்களுக்கு, உதிரி பாகம் கிடைக்கும் எஞ்சினென்றால் முதல் வழி; ஏறியிருப்பது நல்ல டிராக்டர் எஞ்சினென்றால் இரண்டாவது வழி. இரண்டுக்கும் வழியில்லை, அல்லது வேன் எஞ்சின் என்றால், மேலும் காசைப் போடாமல் விற்றுவிட வேண்டும். விற்கும்போது வாங்குபவரிடம் எஞ்சின் மாற்றப்பட்டதைச் சொல்லிவிடுங்கள்.

எந்த வழியில் வேலை கொடுத்தாலும் முழுத் தொகையையும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும், தகட்டில் உள்ள திறனைத் தாண்டாத பளுவோடு, வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். ஹீட் முள் நடுவில் நிற்க வேண்டும். தூக்கும் லீவரை இழுத்தால் எஞ்சின் அமுங்கிச் சாகக் கூடாது. சுமையில்லாத உச்ச வேகத்தை டேகோமீட்டரில் பார்த்து பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து, இரவு முழுதும் விட்டுவைக்கலாம். காலையில் அட்டையில் எண்ணெய்ச் சொட்டு இல்லையென்றால் மீதித் தொகையைக் கொடுத்துவிடலாம்.