லாம்பிரெட்டாவா, வெஸ்பாவா: டெல்டா வண்டியை ஏலத்தில் எடுக்கும் முன் அடித்தகட்டைப் பாருங்கள்

சென்ற ஆண்டு தை மாதம், கும்பகோணத்துக்கு அருகே ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஆலை முதலாளியின் குடும்பத்தார் ஏலம் விட்டார்கள். நெல் காயவைக்கும் களத்தின் ஓரத்தில், தராசுகளுக்கும் பழைய மோட்டார்களுக்கும் நடுவே இரண்டு ஸ்கூட்டர்கள் நின்றன. ஒன்று, 1960களில் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தின் உரிமத்தோடு பஜாஜ் செய்த வெஸ்பா 150; வான்நீலத்தில் புதுப் பெயின்ட் அடிக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது. மற்றொன்று, அதே காலத்தில் பம்பாயின் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) நிறுவனம் இத்தாலியின் இன்னொசென்டி உரிமத்தில் செய்த லாம்பிரெட்டா எல்.ஐ. 150, இரண்டாம் வரிசை (சீரிஸ் 2). சாம்பல் நிறம் வெளிறி, இருக்கை கிழிந்து, ஒரு பக்க மூடி நசுங்கி இருந்தது. நான் லாம்பிரெட்டாவை 74,000 ரூபாய்க்கு எடுத்தேன். வெஸ்பா 96,000க்குப் போனது. அன்று வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நான் தவறான வண்டியை எடுத்துவிட்டதாகவே நினைத்தார்கள். இல்லை என்பது என் கருத்து.

இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கியரை இடக்கைப் பிடியில் திருக வேண்டும். வெஸ்பாவில் எஞ்சின் பின்சக்கரத்தோடு ஒட்டி வலப்பக்கம் தொங்கும். லாம்பிரெட்டாவில் அது நடுவில் அமர்ந்து, ஆயிலில் ஓடும் செயின் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும். அதனால் சாலையில் எடை ஒரு பக்கம் இழுக்காது. வெஸ்பாவின் 8 அங்குலச் சக்கரத்தைவிட லாம்பிரெட்டாவின் 10 அங்குலச் சக்கரம் நம் ஊர்க் குழிகளுக்குத் தோதானது. உதிரிபாகத்தில் வெஸ்பாவுக்கே வெற்றி. 1971இல் பியாஜியோ உரிமம் முடிந்த பிறகும் பஜாஜ் அதே குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளைப் பல பத்தாண்டுகள் செய்துவந்ததால், மன்னார்குடியில் கேட்டாலும் சிலிண்டரோ கிளட்ச் பிளேட்டோ கிடைத்துவிடும். லாம்பிரெட்டாவுக்கு, பின்னாளில் வந்த லாம்பி 150இன் பாகங்களைத் தேடி நாலு கடை ஏறி இறங்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் என் தீர்ப்பு வேறாக அமைந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: தகடு.

வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டகம் என்று எதுவும் கிடையாது. 1946இல் வெளிவந்த அதைப் பொறியாளர் கொராதினோ தஸ்கானியோ வடிவமைத்தபோதே, விமானம் கட்டும் முறையைப் பின்பற்றி, வளைத்துப் பற்றவைத்த எஃகுத் தகட்டையே உடலாகவும் எலும்பாகவும் ஆக்கிவிட்டார். காலை வைக்கிறோமே, அந்த ஃபுட்போர்டும் அதன் நடுவே ஓடும் மேடான குழலும்தான் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. லாம்பிரெட்டா அப்படியல்ல. ஒரு தடித்த எஃகுக் குழாய்தான் அதன் முதுகெலும்பு. காலுக்கு முன்னால் நிற்கும் லெக் ஷீல்டு, ஃபுட்போர்டு, பக்க மூடிகள் எல்லாம் அதன்மேல் போல்ட்டு போட்டு மாட்டிய சட்டை போன்றவை. ஃபுட்போர்டு அரித்துப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். வண்டி கோணாது.

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம். காவிரி டெல்டாவில் இதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம். வயலுக்குப் போய்வரும் வண்டியின் அடியில் அப்பும் களிமண் காய்ந்தாலும் உதிராது, தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஃபுட்போர்டின் அடியில் வலுவுக்காகப் பற்றவைத்த பெட்டி போன்ற பட்டைகளுக்குள் அந்தச் சேறு புகுந்துவிட்டால், வெளியே எவ்வளவு கழுவினாலும் அது போகாது. அதைவிடக் கொடியது உரம். தட்டையான தரை இருந்ததால்தான் நம் மிராசுதார்களும் உரக்கடைக்காரர்களும் ஸ்கூட்டரை விரும்பி வாங்கினார்கள். காலுக்கு நடுவே ஒரு மூட்டை பொட்டாஷை நிறுத்திக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. பொட்டாஷ் என்று நாம் இடுவது பொட்டாசியம் குளோரைடு. ஏறத்தாழக் கறியுப்பின் உடன்பிறப்பு. மூட்டையிலிருந்து சிந்திய அந்த உப்பும் மழைநீரும் சேர்ந்தால் எஃகுத் தகடு எத்தனை நாள் தாங்கும்? வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டி என்றால் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஏலத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அல்ல. எந்த ஊரில், யார் வீட்டில், என்ன வேலைக்கு நின்றது என்பதைத்தான்.

ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வைக்கு விட்டிருந்தார்கள். எனக்கு வெகுகாலமாக வண்டி பார்த்துத் தரும் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போயிருந்தேன். வெஸ்பாவின் நிறத்தில் மயங்கி நான் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு அவர், "தம்பி, அடியில படுத்துப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். சாக்கை விரித்து இருவரும் படுத்தோம். மேலே வான்நீலம், அடியில் தார் போல் கறுப்பாக ஏதோ தடிமனாகப் பூசியிருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த சிறு காந்தம் ஒன்றை அவர் எப்போதும் பையில் வைத்திருப்பார். பிரேக் பெடலுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் காந்தம் ஒட்டவே இல்லை. வைத்தால் வழுக்கி விழுந்தது. அங்கே இருந்தது தகடு அல்ல, ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி. விரல் கணுவால் தட்டியபோது மற்ற இடத்தில் கணீரென்று வந்த ஒலி அங்கே மொத்தென்று வந்தது. கறுப்புப் பூச்சின் ஓரத்தை நகத்தால் நெம்பியதும் ஒரு வில்லை துரு, வறுத்த அப்பளத்தின் விளிம்பு போல உடைந்து கையோடு வந்தது.

லாம்பிரெட்டாவின் அடியிலும் சேறு இருந்தது. ஃபுட்போர்டின் இடது மூலையில் ஓட்டையே இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் நடுக்குழாயைத் துணியால் துடைத்துப் பார்த்தபோது மேற்பரப்பில் மட்டும்தான் துரு. வண்டியை நேராக நிறுத்திப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தோம், விலகல் இல்லை. குழாய் வளைந்திருந்தால், ஓட்டையில்லாத வண்டியாக இருந்தாலும் நான் விட்டிருப்பேன். குழாயும் உள்ளிருந்து துருப்பிடிக்கக் கூடியதே. அதனால் பக்க மூடியைக் கழற்றி, பின்பக்கக் கிளைகள் சேரும் பற்றவைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

இதிலிருந்து என் விலைக்கணக்கு பிறந்தது. நல்ல நிலையில் இருந்தால் அந்த வெஸ்பாவுக்கு 95,000 வரை கேட்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதன் தரையை வெட்டி மாற்ற வேண்டுமானால், உடலை முட்டுக்கொடுத்து அசையாமல் நிறுத்தி, அளவு பிசகாமல் பற்றவைக்கத் தெரிந்த டிங்கர், அதாவது தகட்டு வேலைக்காரர், வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் வண்டி ஆயுள் முழுவதும் ஒரு பக்கமாகவே ஓடும். புதுப் பெயின்ட்டையும் சுரண்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் என் உச்சவரம்பை 55,000 ஆகக் குறைத்தேன். லாம்பிரெட்டாவுக்கு ஃபுட்போர்டு, வயரிங், கேபிள்கள், டயர், எஞ்சின் பிரித்துப் பார்ப்பது எல்லாம் சேர்த்து 35,000 ஆகும் என்று கணக்கிட்டு, 80,000ஐ உச்சமாக வைத்தேன். இரண்டு எண்களையும் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டேன். ஏலக்காரர் "ஒருதரம், இரண்டுதரம்" என்று இழுக்கும்போது மனக்கணக்கு நிற்பதில்லை. எழுதிய எண் நிற்கும்.

தகட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ் (சட்டகம்), உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். உடலே சேசிஸாக இருக்கும் வெஸ்பாவில் தரையை வெட்டி மாற்றினால், சோதனையின்போது கேள்வி எழ இடமுண்டு. லாம்பிரெட்டாவில் ஃபுட்போர்டு மாற்றுவது தேய்ந்த பாகத்தை மாற்றுவதுதான்.

ஆவணத்தில் இரண்டும் சமம் என்பதால் அதை நீட்டவில்லை. ஆனால் ஒரு குறிப்பு தேவை. அரசு நடத்தும் ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்றத்தான் படிவம் 32. உரிமையாளர் இறந்தபின் குடும்பம் விடும் ஏலம் அப்படியல்ல. முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31இல் மாற்றி, பிறகு 29, 30இல் நம் பெயருக்கு வர வேண்டும். வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் அடித்த எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் அந்த எண்ணை மூடியிருந்தால், அதுவே ஓர் எச்சரிக்கை.

லாம்பிரெட்டாவின் குறையையும் சொல்ல வேண்டும். பின்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப், கூம்பு வடிவத் தண்டில் இறுகியிருக்கும். அதை இழுத்துக் கழற்றவென்றே உள்ள புல்லர் என்ற கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றினால் பாழாகிவிடும். நான் முதலில் கொடுத்த பட்டறையில் அதைத்தான் செய்தார்கள். ஹப்பும் போயிற்று, ஆறு வாரமும் போயிற்று. இப்போது புல்லரை நானே வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பொறுத்தவரை, ஒரு மழைக்காலம் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். தஞ்சாவூர்வரை போய்வந்ததே நீண்ட பயணம். மறுவிற்பனையிலும் எனக்கு அனுபவம் இல்லை. விற்கும் எண்ணமும் இல்லை.

இந்த மழைக்காலம் முடிந்ததும் ஃபுட்போர்டைக் கழற்றிப் பார்த்தேன். நாலு போல்ட்டு, அரை மணி நேரம். குழாயின் அடியில் ஈரமண் ஒட்டியிருந்தது. வழித்தெடுத்து, கிரீஸ் தடவி, மறுபடி மாட்டினேன். பழம்பெரும் வாகனமாகப் பதிய விண்ணப்பம் தயாராகிறது. ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஆலை முதலாளி ஓட்டிய அதே மூன்றெழுத்து எண் பலகை முன்மட்கார்டில் அப்படியே இருக்கிறது.