தீப்பந்து எறியாத மந்திரவாதி: ஒரு காட்டு நோமுடன் பத்து நிலைகள்

எதிரியை அடித்து வீழ்த்தும் சுகத்துக்காக டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட வருபவர்கள் இந்தப் பாத்திரத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். முதல் நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை இவனை விளையாடியதில், எங்கள் குழுவிலேயே மிகக் குறைவான சேதம் விளைவித்தவன் இவன்தான். ஆனாலும் ஆட்டத்தை நடத்தும் எங்கள் டி.எம். அதிகம் எரிச்சல்பட்டது இவனிடம்தான். அது எப்படி என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

பெயர் குறுமுனி. அகத்தியரின் பெயரை ஒரு நோமுக்கு, அதாவது குள்ள மாய இனத்தானுக்கு, வைத்ததற்கு மேசையில் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. உயரம் மூன்றடிக்குச் சற்று மேல். நோம் இனத்தில் காட்டு நோம் பிரிவு, தொழில் மந்திரவாதி, பயின்ற துறை மாயத்தோற்றம். விளையாடியது 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி.

விளையாட்டையே அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்தது இது. ஒருவர் உலகத்தையும் அதிலுள்ள பகைவர்களையும் நடத்துவார்; அவர்தான் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சந்தேகமான இடங்களை இருபது முகப் பகடை தீர்த்துவைக்கும். நோமும் மாயத்தோற்றமும் சேர்வது பழைய உறவு. 1978 விதிகளில் நோம்கள் சாதாரண மந்திரவாதியாகவே முடியாது. மந்திரத் தொழில்களில் மாயத்தோற்றக்காரனாக மட்டுமே ஆகலாம். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

எண்களைப் பார்ப்போம். பாத்திரத்தின் திறன்களுக்கு 27 புள்ளிகளைப் பங்கிடும் முறையில் 14 வாங்க 7 புள்ளிகள், 15 வாங்க 9 புள்ளிகள் செலவாகும். மந்திரவாதி என்றதும் பலரும் அறிவில் 15 போடுவார்கள். நோம் இனம் தரும் 2ஐச் சேர்த்தால் அது 17 ஆகும். ஆனால் ஆட்டத்தில் 17க்கும் 16க்கும் பகடையோடு சேரும் கூட்டல் ஒன்றேதான். அதனால் அறிவில் 14 போட்டேன், 16 ஆயிற்று. சுறுசுறுப்பில் 15 போட்டேன். காட்டு நோமுக்குக் கிடைக்கும் 1 சேர்ந்து அதுவும் 16 ஆயிற்று. உடல் உறுதி 14, விவேகம் 12. வலிமையும் கவர்ச்சியும் 8இலேயே கிடந்தன. ஒரு புள்ளிகூட வீணாகவில்லை.

இத்தனை கணக்குப் பார்த்தும் முதல் நிலையில் உயிர்ப்புள்ளிகள் எட்டுத்தான். ஓகர் என்ற பேருருவ அரக்கன் கதையால் ஓங்கி அடித்தால் சராசரி சேதம் 13. மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரத்தைப் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு எண் (என்னை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 16 வரை உயரும், அவசரத்துக்கு ஷீல்ட் மந்திரம் அதை 21 ஆக்கும். முதல் நிலையில் மந்திரம் போடும் வாய்ப்புகள், அதாவது ஸ்லொட்கள், இரண்டே இரண்டுதான் என்பதால், தற்காப்புக்கே இரண்டையும் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த இடத்தில்தான் காட்டு நோமுக்குப் பிறவியிலேயே கிடைக்கும் மைனர் இல்லுஷன் கைகொடுக்கிறது.

இது கான்ட்ரிப் வகை மந்திரம். எத்தனை முறை செய்தாலும் ஸ்லொட் செலவாகாது. முப்பது அடிக்குள் ஐந்தடிக் கனசதுரத்துக்கு மிகாத ஒரு பொருளின் தோற்றத்தையோ ஓர் ஓசையையோ ஒரு நிமிடத்துக்கு உண்டாக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று: இதற்கு வாய்விட்டு மந்திரம் சொல்லத் தேவையில்லை. கையசைவும் சிறிது ஆட்டுரோமமும் போதும். இருட்டில் எதிரிக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டே செய்யலாம். மனத்தைக் குவித்து வைத்திருக்கவும் வேண்டாம். வேறு பெரிய மாயத்தோற்றம் ஒன்றை நடத்திக்கொண்டே இதையும் செய்யலாம்.

இதன் உண்மையான விலை எதிரிக்குத்தான். தோற்றம் பொய் என்று கண்டறிய எதிரி தன் முறையில் ஒரு செயலைச் செலவழித்து ஆராய வேண்டும். ஒரு சுற்றில் ஒரு செயல்தான். ஆராய்ந்தால் அடிக்க முடியாது.

மூன்றாம் நிலையில், ஒரு கைவிடப்பட்ட சுரங்கத்தில் இது முழுதாகப் புரிந்தது. எங்களிடம் பொம்மைகள் கிடையாது. வரைபுத்தாளில் பென்சிலால் சுரங்கம் வரைந்து, பகைவர்களுக்குக் கரம் காய்களும் குறுமுனிக்கு ஒரு புளியங்கொட்டையும் வைப்போம். ஓகருக்கு எப்போதும் சிவப்புக் காய். எங்கள் வாள்வீரன் மயங்கிக் கிடந்தான், பூசாரி நாற்பது அடிக்கு அப்பால் இருந்தாள். சிவப்புக் காய் என் பக்கம் திரும்பும் முன்பே புளியங்கொட்டையைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தி, என்னைச் சுற்றி ஒரு மரப்பெட்டி இருப்பதாகச் சொன்னேன். சுரங்கத்தில் அதுபோன்ற பெட்டிகள் ஏற்கெனவே நிறைய இருந்தன. டி.எம். சற்று நேரம் தாளையே பார்த்தார்.

"தம்பி, இந்தப் பெட்டி இங்கே முன்பு இருந்ததா?"

"ஓகருக்கு அது ஞாபகம் இருக்குமா அண்ணா?"

ஓகரின் அறிவு 5. பகடையில் விழும் எண்ணிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும். என் மாயத்தை உடைக்க மொத்தம் 13 தேவை. அதாவது பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 9 விழுந்தது. அந்தச் சுற்றை ஓகர் பெட்டிகளை முறைத்துப் பார்ப்பதில் கழித்தது. அடுத்த சுற்றில் சுரங்கத்தின் மறுகோடிக்கு ஓடித் தேடியது. அதற்குள் பூசாரி வந்து வீரனை எழுப்பிவிட்டாள். பிறகு ஓகர் திரும்பி வந்து எரிச்சலில் பெட்டியை உதைத்தபோது கால் காற்றில் போயிற்று, மாயமும் கலைந்தது. அதற்கு முன்னால் நின்றது நாங்கள் மூன்று பேர். எதிரியின் இரண்டு முறைகளை ஒரு ஸ்லொட்டும் செலவழிக்காமல் தின்றிருந்தேன். இரண்டு அடி மிச்சம், சராசரிக்கு 26 புள்ளிகள். நான் எறிந்திருக்கக்கூடிய எந்த மந்திரமும் அந்த நிலையில் அவ்வளவு பெறுமதியானதாக இருந்திருக்காது.

இரண்டாம் நிலையில் மாயத்தோற்றத் துறையைத் தேர்ந்ததும் உருவத்தையும் ஓசையையும் ஒன்றாகவே உண்டாக்கலாம். கொப்ளின் என்ற குட்டிப் பகைவர்களுக்கு நான் வழக்கமாக வைத்தது, உள்ளே நாணயம் உருளும் சத்தத்தோடு ஒரு பூட்டிய பெட்டி. ஆறாம் நிலையில், நிற்கும் மாயத்தோற்றத்தின் இயல்பையே நடுவில் மாற்றலாம். பாலமாகத் தெரிந்தது சுவராகும். இந்தப் பாத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிலை ஆறுதான்.

மற்ற மந்திரங்களில், ஸ்லீப் முதல் சில நிலைகளுக்கு அருமை. எட்டு முகப் பகடை ஐந்தை உருட்டி வரும் மொத்த உயிர்ப்புள்ளிகளுக்கு ஆட்களைத் தூங்க வைக்கலாம்; ஏழு புள்ளிக் கொப்ளின்கள் மூன்று சாதாரணமாகச் சாயும். ஐந்தாம் நிலைக்கு மேல் அதை மந்திரக் கொப்பியில் வைத்திருப்பது இடத்துக்குக் கேடு. ஓசையில்லாத தோற்றம் காட்டும் சைலன்ட் இமேஜ் கடைசி வரை கூட வந்தது. துணைப் பிராணியை அழைக்கும் ஃபைன்ட் ஃபமிலியர் கட்டாயம். நான் ஆந்தையைத்தான் எடுத்தேன். ஆந்தை அலறினால் ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களும் இதில் ஆந்தையையே எடுங்கள். எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பறந்து விலகும்போது அதன்மேல் அடி விழாது. உயிர்ப்புள்ளி ஒன்றுதான் என்பதால் அடிக்கடி சாகும். திரும்ப அழைக்கப் பத்துப் பொற்காசு பெறுமதியான கரியும் தூபமும் மூலிகையும் வேண்டும். எங்கள் குழுவின் பொருளாளர் கடைசியில் ஆந்தைச் செலவு என்று தனிக் கணக்கே எழுதத் தொடங்கிவிட்டார்.

ஐந்தாம் நிலையில் எல்லோரும் கேட்ட கேள்வி, தீப்பந்து எறியும் ஃபயர்பால் மந்திரத்தை ஏன் எடுக்கவில்லை என்பது. ஆறு முகப் பகடை எட்டை உருட்டி வரும் சேதம். யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அதை எடுத்தால் ஒவ்வொரு சண்டையிலும் அதையே எறியச் சொல்வார்கள், நானும் எறிந்துவிடுவேன். மேஜர் இமேஜ் எடுத்தேன். இருபதடிக்குத் தோற்றம், ஓசை, வாசனை, வெப்பம் எல்லாம் உண்டு.

நான்காம் நிலையில் அறிவை 18 ஆக்கினேன். எட்டாம் நிலையில் அதை 20 ஆக்குவதுதான் ஊர் வழக்கம். நான் வோர் காஸ்டர் என்ற தனித்திறனை எடுத்தேன். பெரிய மாயங்கள் எல்லாம் மனக்குவிப்பில் நிற்பவை. ஒவ்வோர் அடிக்கும் பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். அந்த உருட்டலுக்கு இரண்டு பகடை கிடைப்பது, அறிவில் ஒரு கூட்டல் கூடுவதைவிட எனக்கு அதிகம் உதவியது.

நோம் இனத்துக்கே உரிய இன்னொரு வரம், மந்திரத்துக்கு எதிராக அறிவு, விவேகம், கவர்ச்சி சார்ந்த தற்காப்புகளில் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கலாம் என்பது. இதன் அருமை ஏழாம் நிலையில் மைன்ட் ஃப்ளேயர் என்ற அரக்கப் பிராணி வந்தபோது தெரிந்தது. அதன் மனத்தாக்குதலைத் தாங்க 15 வேண்டும். வாள்வீரனுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 25. எனக்கு ஒரு பகடையில் 65, இரண்டு பகடையில் கிட்டத்தட்ட 88. எல்லோரும் சிலையாக நின்றபோது நடமாடியது புளியங்கொட்டை மட்டும்தான்.

குறைகளுக்கு வருகிறேன். கண்ணால் பார்க்காமலே உணரும் பிராணிகளிடம் மாயத்தோற்றம் செல்லாது. எதிரியின் மனத்துக்குள்ளேயே மாயம் காட்டும் ஃபன்டாஸ்மல் ஃபோர்ஸ் மந்திரம் செத்தெழுந்த பிணங்களையும் இயந்திரப் பொம்மைகளையும் ஒன்றும் செய்யாது. பிணங்கள் நிறைந்த ஒரு கல்லறைக்குள் பல வாரங்கள் போனபோது நான் விளக்குப் பிடித்ததைத் தவிர வேறு அதிகம் செய்யவில்லை. நடை வேகம் 25 அடி. மற்றவர்கள் சுற்றுக்கு ஆறு கட்டம் ஓடினால் குறுமுனி ஐந்துதான் ஓடுவான். பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் கடைசி ஆள் நான். ஆனால் உருவம் சிறிதாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. தன்னைவிட இரண்டு அளவு பெரிய எதிரி நிற்கும் கட்டத்துக்குள் புகுந்து போகலாம் என்பது பொது விதி. ஓகர் பேரளவு, குறுமுனி சிற்றளவு. கால்களுக்கிடையே நுழைந்து மறுபுறம் வரலாம், வேகம் பாதியாகும் என்றாலும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இவன் டி.எம்.ஐ நம்பி வாழ்பவன் என்பது. வாளுக்கு விதி இருக்கிறது. பெட்டிக்குள் ஒளிவதற்கு டி.எம்.இன் தீர்ப்புத்தான் இருக்கிறது. நான் வேறொரு குழுவில் சில வாரங்கள் இதே பாத்திரத்தைக் கொண்டுபோனேன். அங்கே எல்லாப் பகைவர்களும் எல்லா மாயத்தையும் பார்த்தவுடனே சந்தேகித்தார்கள். அப்படியானால் ஃபயர்பால் எடுப்பதே மரியாதை. எனவே முதல் ஆட்டத்துக்கு முன்பே டி.எம்.இடம் கேட்டுவிடுங்கள்: காரணமில்லாமல் எதிரி ஆராயுமா? என் மாயத்தின் ஊடே எனக்குப் பார்வை உண்டா? மாயம் என்று சொல்லிவைத்த நண்பர்களுக்கும் உண்டா? எங்கள் அண்ணா முதலாவதற்கு இல்லை என்றார், இரண்டாவதற்கு ஆம் என்றார், மூன்றாவதற்கு அவர்களும் ஆராயட்டும் என்றார். அந்த மூன்று பதில்களில்தான் குறுமுனி பத்து நிலைகள் பிழைத்தான்.

கொழும்பில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் மாடிவீட்டில் சனிக்கிழமை மாலைகளில் கூடுவோம். நீண்ட ஆட்டங்களைப் போயா விடுமுறைக்கு ஒதுக்கிவைப்போம். புத்தகமும் ஏழு பகடைகள் கொண்ட தொகுதியும் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தன. விதிகளின் அடிப்படைத் தொகுப்பான 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விடப்பட்டது. ஆனால் அதில் பாறை நோம் மட்டும்தான் உண்டு, மாயத்தோற்றத் துறையும் கிடையாது. இந்தப் பாத்திரத்துக்குக் குழுவில் ஒருவரிடமாவது புத்தகம் இருந்தாக வேண்டும். பாறை நோம் செய்யும் சாவி பொம்மைகள் வேடிக்கைதான். சண்டையில் அவற்றால் ஒருவருக்கும் பயனில்லை.

2022இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த மாதங்களில் மெழுகுதிரியோடு விளையாடினோம். காகிதம் கிடைக்காமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன அந்த மார்ச்சில், பாத்திரத் தாள் அச்சிடுவதை விட்டுவிட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அதுவே குறுமுனியின் மந்திரப் புத்தகமும் ஆயிற்று. ஆட்டத்தில் ஒரு மந்திரத்தைப் பிரதிபண்ண நிலைக்கு இரண்டு மணி நேரமும் 50 பொற்காசும் ஆகும். தன் துறை மந்திரமென்றால் பாதி. கையால் எழுதியதில் ஒவ்வொரு மந்திரத்தின் தூரமும் நேரமும் மனப்பாடமாகிவிட்டன, என் முறை வரும்போது யாரையும் காக்கவைக்கத் தேவைப்படவில்லை.

இன்று புதிதாகத் தொடங்குபவர் 2014 விதிகளைத் தேட வேண்டாம். 2024 திருத்தப் பதிப்பை எடுங்கள். திறன் கூட்டல் இனத்திலிருந்து பின்னணிக்கு மாறிவிட்டது என்பதால் என் 27 புள்ளிக் கணக்கு அதில் அப்படியே பொருந்தாது. மாயத்தோற்றத் துறையும் மூன்றாம் நிலையில்தான் கிடைக்கும். ஸ்லீப் இப்போது எதிரிக்குத் தற்காப்பு உருட்டல் தருகிறது, ஆகவே கொப்ளின்கள் வரிசையாகச் சாய்வதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் துறை கிடைத்தபின் மைனர் இல்லுஷனைத் துணைச் செயலாகவே செய்யலாம்; பெட்டியை உண்டாக்கிவிட்டு அதே முறையில் இன்னொரு மந்திரமும் போடலாம். முப்பது அடி எட்டிய மாயம் தொண்ணூறு அடி எட்டும். நோமின் மனத்தற்காப்பு மந்திரத்துக்கு மட்டுமன்றி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நடை வேகமும் 30 அடியாகிவிட்டது.