ஆயாவின் சைட்போர்டு: சாக் பெயின்ட் அடித்து நாலரை வருடம்

போன வாரம் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அவள் மாமியார் விட்டுப்போன டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று கராஜில் கிடக்கிறதாம். "அக்கா, உன் சைட்போர்டு மாதிரியே வெள்ளை அடித்து, ஓரமெல்லாம் தேய்த்துவிட்டால் எப்படி இருக்கும்? ஒரு சனி ஞாயிறு போதும் என்றுதானே சொன்னாய்?"

சொன்னது உண்மைதான். ஆனால் சொன்னது நாலரை வருடத்துக்கு முன்னால். போன மாதம்தான் அதே சைட்போர்டின், அதாவது ஆயாவின் பழைய தாழ்வான அலமாரியின், மேல்பலகையை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, மூன்றாவது தடவையாக அடித்து முடித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. போனில் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுண்ணாம்பு மாதிரி மங்கலாகக் காய்கிற சாக் பெயின்ட், மேலே மெழுகு, பழசாகத் தெரிய ஓரங்களில் உப்புத்தாள் என்ற இந்த முறை இப்போது எல்லோருக்கும் பழக்கம். ரேச்சல் ஆஷ்வெல் 1989-ல் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில், தேய்ந்த பழசையே அழகாகக் காட்டும் 'ஷேபி ஷிக்' கடையைத் திறந்தார். அடுத்த வருடமே ஆக்ஸ்ஃபோர்டில் ஆனி ஸ்லோன் சாக் பெயின்ட்டைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் ஆளாளுக்கு இதே மாதிரி பெயின்ட் தயாரிக்கிறார்கள். நான் வாங்கியது இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே செய்த ஒன்று. எல்லா டின்னிலும் இருக்கும் வாக்குறுதி ஒன்றுதான்: தேய்க்க வேண்டாம், பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டாம், நேரே அடிக்கலாம். என் சண்டை முழுக்க அந்த ஒரு வரியோடுதான்.

சைட்போர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா டர்பன் நகரசபையில் வேலை பார்த்தவர். நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தபோது அதை ஏலத்தில் எடுத்தார். 1960-களில் அங்கிருந்த குடும்பங்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்களே, அப்போது லாரியில் ஏறி வந்த சாமான்களில் இன்று எங்களிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். பந்தைப் பிடித்த நகம் மாதிரி நாலு கால், மூன்று இழுப்பறை, இரண்டு கதவு. மரம் கியாட். ஜூலுவில் உம்வாங்காசி என்பார்கள். நம் ஊர் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் இது ஒரே குடும்பம். பட்டையில் வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பால் வடியும். அந்த மரத்தின் மேல் யாரோ ஒருவர் மஹாகனிச் சாயம் வேறு ஏற்றி வார்னிஷ் அடித்திருந்தார். ஆயா போன பிறகு அது கறுத்து, வெடித்து, எங்கள் சின்ன லவுஞ்சில் ஒரு மூலை இருட்டாக நின்றது.

அம்மாவுக்குப் பெயின்ட் அடிப்பதில் இஷ்டமில்லை. "அவள் தினம் துடைத்த மரம்" என்று மட்டும் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஜனவரியில் அடித்தேன். தைப்பூசத்துக்கு முன்னால் வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. டர்பனில் ஜனவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி உள்ளே இரண்டு நாள் தொங்கினாலும் காயாது. அதில் பெயின்ட் அடித்தது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் நாள் அடித்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கெட்டித்தயிர் மாதிரி பெயின்ட். பிரஷ் எந்தப் பக்கம் போனாலும் ஒட்டிக்கொள்கிறது. நாற்றமே இல்லை, ஜன்னலைத் திறந்துவைத்து லவுஞ்சிலேயே அடிக்கலாம். காய்ந்ததும் ஒரு துளி பளபளப்பில்லாமல், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மென்மையாக நிற்கும். கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகக்கால்களின் செதுக்கல் இருட்டில் அதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை. வெள்ளையில் ஒவ்வொரு விரலும் தெரிந்தது.

மறுநாள் காலை மேல்பலகை ரோஸ் நிறமாக இருந்தது.

முழுவதும் இல்லை. நடுவில் ஒரு திட்டு, வலது ஓரத்தில் நீளமாக ஒரு கோடு. முதல் கோட் மெல்லிசாகிவிட்டது என்று நினைத்து இரண்டாவது அடித்தேன். திட்டு பெரிதானது. மூன்றாவதில் கொஞ்சம் அடங்கின மாதிரி தெரிந்தது. உடனே மெழுகு போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். தங்கை மனதில் இருப்பது அந்தப் போட்டோதான். மூன்று வாரம் கழித்து, ஒரு வாரம் விடாமல் மழை பெய்த பிறகு, திட்டு திரும்ப வந்தது. இந்தத் தடவை மெழுகுக்கு அடியில்.

காரணம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. இந்தப் பெயின்ட்டில் இருப்பது தண்ணீர். பழைய சாயமும் மரத்தின் சிவப்பும் அந்த ஈரத்தில் கரைந்து, பெயின்ட் காயக் காய மேலே ஏறி வருகின்றன. இன்னொரு கோட் அடிப்பது இன்னொரு தடவை ஈரம் கொடுப்பதுதான். மூடுகிறோம் என்று நினைத்து நான் அதை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரண்டாவது முயற்சியில் மினரல் டர்பன்டைன் தொட்டு மெழுகையெல்லாம் துடைத்தேன். அது ஒரு முழு நாள் வேலை, ஏனென்றால் மெழுகு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதன் மேல் எதுவும் பிடிக்காது. திரும்ப இரண்டு கோட். எட்டு மாதம் தாங்கியது. அப்புறம் அதே இடத்தில் அதே ரோஸ். நான் அதன் மேல் ஒரு துணியை விரித்துவிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் பார்க்காமலே இருந்தேன்.

இந்த ஜூனில் முன்கால் ஒன்று ஆட ஆரம்பித்தது. ஒட்டிக்கொடுக்க வந்த பெரியவர் பழைய தச்சர், எழுபது தாண்டியவர். துணியைத் தூக்கிப் பார்த்ததும் கேட்டார்: "ஏன்மா, அரக்கு போடலையா?"

அரக்கு. ஷெல்லாக் என்று டின்னில் எழுதியிருப்பதும் இதுதான். மெழுகு நீக்கிய செதிலாகவும் கிடைக்கும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கரைத்து, பெயின்ட்டுக்கு முன்னால் மெல்லிசாக இரண்டு கோட். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சாயம் அதைத் தாண்டி வராது. கறை இருக்கும் இடத்தில் மட்டும் அடித்தால் ஓரம் தெரியும், பலகை முழுவதும் அடிக்க வேண்டும். இந்தியக் காட்டில் பூச்சி வைக்கும் பிசின். பாட்டன் காலத்திலிருந்து நகை செய்கிறவர்கள் கையில் இருந்த பொருள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருடமும் இரண்டு தோல்வியும் தேவைப்பட்டிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், டின்னின் பின்பக்கத்தில் இது இருந்தது. கறுத்த மரங்களிலும் சாயம் ஏற்றிய மரங்களிலும் கறை எழலாம், முதலில் சீலர் போடுங்கள் என்று, எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி. நான் படிக்கவில்லை. ஆனால் முன்பக்கத்தில் 'நேரே அடிக்கலாம்' என்பதைக் கட்டைவிரல் அளவு எழுத்தில் போடத் தெரிந்தவர்கள் இதையும் அங்கேயே போட்டிருக்கலாம். விற்றவரிடம் பழைய கியாட் சைட்போர்டு என்று சொல்லித்தான் வாங்கினேன். எந்த மரமாக இருந்தாலும் சரி என்றார். பழைய சாமான்களுக்கென்றே விற்கிற பெயின்ட் இது. இந்த நாட்டில் பழைய சாமான் என்றால் பாதிக்கு மேல் கியாட்டும், இம்புயா என்ற பிரேசில் மரமும்தானே? எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மெழுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். அதற்குள் சூடான டம்ளரை வைத்தால் வட்டம் விழும். நம் வீடுகளில் டம்ளர் மட்டுமா? என் சைட்போர்டின் மேல்தான் காமாட்சி விளக்கு இருக்கிறது. எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் மெழுகைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். இப்போது பித்தளைத் தட்டு ஒன்று அடியில் நிரந்தரமாக இருக்கிறது. மஞ்சள் இரண்டு தடவை கொட்டியது. அது பரவாயில்லை, ஜன்னல் வெயிலில் சில நாளில் தானே வெளுத்துப் போயிற்று. கீழேயிருந்து வந்த சிவப்புக்குத்தான் எந்த வெயிலும் எட்டவில்லை. இந்தத் தடவை மேல்பலகைக்கு மட்டும் மெழுகை விட்டுவிட்டு, தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷ் அடித்திருக்கிறேன். விளக்கு இருக்கும் இடத்துக்கு அதுதான் சரி.

இப்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. நான் உப்புத்தாளால் தேய்த்துப் 'பழசாக்கிய' இடங்கள் இன்றும் தேய்த்த மாதிரியேதான் இருக்கின்றன. நாலு மூலையிலும் ஒரே அளவு, ஒரே நீளம். ஆனால் இந்த நாலரை வருடத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் கையே சில இடங்களைத் தேய்த்திருக்கிறது. இடதுகதவில் கைப்பிடியைத் தொடாமல் விளிம்பைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும். அம்மாவுக்கும் அதே பழக்கம், ஆயாவுக்கும் இருந்ததாம். அந்த விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை போய் கியாட்டின் சிவப்பு தெரிகிறது. நடு இழுப்பறைக்குக் கீழே, பேரன் நடை பழகியபோது பிடித்து நின்ற இடத்தில் இன்னொன்று. மேல்பலகையில் நான் வெறுத்த அதே சிவப்புதான். அந்த இரண்டு இடத்தில் அவ்வளவு அழகாக இருக்கிறது. அவற்றை இந்தத் தடவையும் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

இழுப்பறைகளின் உள்ளேயும் பக்கவாட்டிலும் ஆரம்பத்திலேயே பெயின்ட் அடிக்கவில்லை. அடித்தால் இறுகிவிடும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். நல்லதாகப் போயிற்று. திறந்தால் இன்றும் ஆயா வைத்திருந்த கற்பூர வாசனை லேசாக வருகிறது. அம்மா இப்போது தினமும் அதைத் துடைக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, தங்கைக்கு என் பதில்: அடிக்காதே. உன் டேபிள் அநேகமாக இம்புயா. பாலிஷ் நன்றாக இருந்தால் துடைத்து மெழுகு மட்டும் போடு, போதும். கண்ணாடி இருக்கிற சாமானில் வளைவும் சந்தும் அதிகம், மூன்று நாள் முதுகு உடையும். இப்போதைய மனநிலையில் இதைத் தவிர வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். அதனால் இதையும் கேட்டுக்கொள். எங்கே தேய்த்தாலும் மாஸ்க் போடு, இம்புயாத் தூள் மூக்கையும் தோலையும் எரிக்கும். ஏற்கெனவே யாராவது பெயின்ட் அடித்த பழைய சாமானாக இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதே, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், வீட்டில் குழந்தை இருக்கிறது. உங்கள் பக்கம் இப்போது வறட்சி, அது நல்லது. ஆனால் ராத்திரி கராஜில் உறைகிற குளிர், அதில் பெயின்ட் ஒழுங்காகக் காயாது. பகலில் அடி, சாயங்காலம் வீட்டுக்குள் கொண்டுவந்து வை. முதலில் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளங்கை அளவு அடித்துவிட்டு இரண்டு நாள் பார். ரோஸ் வந்தால் அங்கேயே நிறுத்து. அரக்குச் செதில் என்னிடம் பாதிப் பொட்டலம் மிச்சம் இருக்கிறது, ஆடியில் கூழ் ஊற்ற வரும்போது எடுத்துக்கொண்டு போ.