ஆட்டோவை அறியாத யோலோ: ஒரு பயன்பாட்டு அனுபவம்

சாலைச் சந்திப்புகளில் எடுத்த காணொளிகளிலிருந்து வாகனங்களை வகைவாரியாக எண்ணித் தருவது எங்கள் தொழில். பெங்களூரு அல்சூரில் சிறிய அலுவலகம். பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள். இதற்கு யோலோ (YOLO) என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளின், 2023-இல் வெளியான 8-ஆம் பதிப்பைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். படத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பெட்டி போட்டுக் காட்டிவிடும். வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

இணையத்திலிருந்து இறக்கியவுடன் கிடைக்கும் மாடல், அதாவது படங்களைப் பார்த்துப் பொருள்களை அடையாளம் காணப் பழகிய நிரல், கோகோ (COCO) என்ற படத்தொகுப்பில் பயின்றது. அதில் 80 வகைப் பொருள்கள். வரிக்குதிரை உண்டு, ஒட்டகச்சிவிங்கி உண்டு, பனிச்சறுக்குப் பலகைகூட உண்டு, ஆட்டோ கிடையாது. அதனால் ஒரே ஆட்டோவை ஒரு நொடி கார் என்கிறது, அடுத்த நொடி லாரி என்கிறது. சாலைப் பொறியாளர்கள் ஒவ்வொரு வண்டியையும் இத்தனை காருக்குச் சமம் என்று மாற்றித்தான் நெரிசலைக் கணக்கிடுகிறார்கள். வகை பிசகினால் எண்ணியதெல்லாம் வீண்.

ஹைதராபாத்திலுள்ள ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 2018-இல் உருவாக்கிய இந்தியச் சாலைப் படத்தொகுப்பில் ஆட்டோ தனி வகையாகவே இருக்கிறது. ஆனால் அவை ஓடும் காரின் முன்பக்கத்திலிருந்து எடுத்த படங்கள். எங்கள் கேமராக்களோ கம்பத்து உச்சியிலிருந்து கீழே பார்ப்பவை. அங்கிருந்து பார்த்தால் ஆட்டோ என்பது ஒரு மஞ்சள் கூரை, அவ்வளவுதான். ஆக, எங்கள் படங்களில் நாங்களே பெட்டி வரைந்து பயிற்சி கொடுத்தோம். "அண்ணா, தண்ணீர் டேங்கரை லாரியில் சேர்ப்பதா, தனியாக வைப்பதா?" என்ற கேள்விக்கே ஒரு மதியம் போனது. அது வீணான மதியம் அல்ல. அன்று எடுத்த முடிவைத்தான் மாடல் இன்றுவரை பின்பற்றுகிறது.

தீராத தலைவலி, சிக்னலில் ஒன்றையொன்று உரசி நிற்கும் இருசக்கர வாகனங்கள். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் படிந்தால் யோலோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். ஒரே வண்டியை இருமுறை எண்ணாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இந்த ஊரில் பின்னால் நிற்பவரின் ஸ்கூட்டரை விழுங்குகிறது. எவ்வளவு படிந்தால் நீக்கலாம் என்ற வரம்பைத் தளர்த்தினால் ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகிறது. சிக்னலைத் தாண்டி, வண்டிகள் சற்றுப் பிரியும் இடத்தில் எண்ணும் கோட்டை (படத்தில் வண்டிகள் தாண்டும்போது எண்ணுவதற்காகப் போடும் கோடு) போடுங்கள். பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்று. படத்தை 640 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்ப்பதுதான் யோலோவின் இயல்பு. 1920 பிக்சல் அகலப் படம் மூன்றில் ஒரு பங்காகும்போது தூரத்து வண்டிகள் புள்ளியாகத் தேய்ந்துவிடும். 1280-க்கு உயர்த்தினால் தூரம் தெரியும், வேகம் குறையும். நாங்கள் 1280-இல் இருக்கிறோம்.

செலவைப் பொறுத்தவரை, மாடலை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டைவிடப் பெட்டி வரைபவர்களின் சம்பளம்தான் பெரிது. மாடல் இலவசமாக இறங்குகிறதே என்று மகிழ்பவர்கள் உரிமத்தையும் படித்துவிடுங்கள். ஏஜிபிஎல் (AGPL) என்ற திறந்த நிரல் உரிமம் அது. இதை வைத்துச் செய்த மென்பொருளை விற்பதானால் உங்கள் நிரலையும் திறந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும்.