20 வயது ஆக்டேவியா ஆர்எஸ், ஒரு மாம்பழப் பெட்டி அட்டை

என் வண்டி 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1781 சிசி, 20 வால்வு, டர்போ, 150 குதிரைத்திறன். 2017-ல் 92,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியாக வாங்கினேன். இப்போது மீட்டர் 1,41,000-ஐத் தாண்டிவிட்டது. ஓட்டுகிற சுகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். இது ஆயில் கசிவைப் பற்றி மட்டும்.

முதலில் வந்தது நெடி. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி ஏற்காடு ஏறுவது வழக்கம். 20 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாம் கியர். முன்னால் பஸ் மாட்டினால் காற்றும் கிடையாது, இன்ஜின் கொதிக்கும். மேலே ஏரிக்கரையில் நிறுத்தி இறங்கினால் கருகின எண்ணெய் வாசம். பக்கத்து மிளகாய் பஜ்ஜிக் கடைதான் என்று இரண்டு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றாவது வாரம் கடை பூட்டியிருந்தது. வாசம் இருந்தது.

அன்று ராத்திரியே மாம்பழப் பெட்டி ஒன்றைப் பிரித்து அட்டையை வண்டிக்கு அடியில் விரித்தேன். காலையில் கியர்பாக்ஸ் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. "அப்பா, வண்டி உச்சா போயிருச்சு" என்றான் பையன். ஒவ்வொரு கறைக்கும் பேனாவால் தேதி போட ஆரம்பித்தேன். அந்த அட்டைதான் என் சர்வீஸ் புத்தகம்.

முதலில் போன பட்டறையில் அடியில் எட்டிப் பார்த்தார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு, பெல் ஹவுசிங், நனைந்திருந்தது. "கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க ஆயில் சீல் போயிருச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்." சம்மதித்தே இருப்பேன். சொன்ன தொகைதான் என்னைத் திருப்பி அனுப்பியது.

கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரி இன்ஜின் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். "சொட்டற எடத்தப் பாக்காதீங்க தம்பி. மொதல்ல வண்டியக் குளிப்பாட்டிக் கொண்டாங்க" என்றார். ஆல்டர்னேட்டரையும் காயில்களையும் பிளாஸ்டிக் கவரால் கட்டி, டீசலும் பிரஷுமாக ஒரு மதியம் போனது. காய்ந்ததும் இன்ஜின் பின்புறம் முழுக்க முகப் பவுடரைத் தூவினார். அடிவாரம் வரை போய்த் திரும்பினோம். சின்னக் கண்ணாடியைப் பின்னால் நுழைத்து டார்ச் அடித்தார். வெள்ளைப் பவுடரில் மை ஊறின மாதிரி ஒரு கோடு, மேலிருந்து கீழே.

கோடு தொடங்கிய இடம் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டின் கடைசி, கியர்பாக்ஸ் பக்க ஓரம். இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான கேம் ஷாஃப்ட் இரண்டு; டைமிங் பெல்ட் ஒன்றைத்தான் சுற்றும்; அடுத்ததை மறுகோடியில் ஒரு சின்னச் செயின் சுற்றும். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு அடியில் ஒரு மெல்லிய பேக்கிங்கும் அரைவட்ட ரப்பரும் உண்டு. இத்தனை வருடச் சூட்டில் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. அங்கிருந்து கசிந்தது ஒரு பக்கம் டர்போ மேல் விழுந்து கருகியது, மறுபக்கம் பெல் ஹவுசிங்கில் இறங்கிக் கிராங்க் சீல்மேல் பழி போட்டது. பேக்கிங்கும் ரப்பரும் கியர்பாக்ஸ் செலவில் கால்வாசிகூட வரவில்லை. ஹெட்டை மூடும் டேப்பட் கவரின் பேக்கிங்கும் அதோடு மாறியது. கசிவை அடைக்கும் பேஸ்ட்டைக் கண்ட இடத்தில் அப்ப விடாதீர்கள். உள்ளே பிதுங்குவது உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடைக்கும்.

நாலு மாதம் அட்டை சுத்தம். பிறகு டேப்பட் கவர் ஓரம் மறுபடி ஈரம், புதுப் பேக்கிங்கில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் பேசாமல், ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை வாயில் மாட்டினார். விரல் ஒவ்வொன்றாக எழுந்தது. கடைசியில் ஐந்து விரலும் விரித்து ஒரு கை நின்றது, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல. "உள்ள காத்து போக வழியில்ல. பேக்கிங் என்ன பண்ணும்?"

இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் ப்ரீதர் ஹோஸ் உள்பக்கமாக ஒட்டிப்போய், தார் மாதிரி கசடு அடைத்திருந்தது. ஒருவழி வால்வும் சிக்கியிருந்தது. பிஸ்டன் ஓரமாக நழுவி வரும் புகைக்கு அதுதான் வெளியேறும் பாதை. அது மூடினால் அழுத்தம் ஏறி எந்த சீல் இளப்பமோ அந்த வழியே ஆயிலைத் தள்ளும். ஹோஸ்கள், வால்வு எல்லாம் புதுசு போட்டதும் கையுறை லேசாக உள்ளே இழுபட்டது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு பேக்கிங் மிஞ்சியிருக்கும். என் வண்டியில் பார்த்தவரை சீல்களுக்கு முன்னால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஃபில்டர் ஹவுசிங், டர்போ ரிட்டர்ன் பைப் பேக்கிங்குகள் அடுத்த வருடம் மாறின. அதில் கதை எதுவும் இல்லை.

"கெட்டி ஆயில் ஊத்துங்க, நின்னுடும்" என்று 20டபிள்யூ-50-ஐச் சொல்லாத ஆளில்லை. நான் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக்கைத் தாண்டவில்லை, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டென்ஷனரும் டேப்பட்டும் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை, டர்போவுக்கும் குளிர்ந்த இன்ஜினில் ஆயில் சட்டென்று போய்ச் சேர வேண்டும். முன்பு 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் டாப்-அப். இப்போது ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்தது வரை கால் லிட்டர்.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் ஓரம் மட்டும் இன்னும் வேர்க்கிறது. அங்கே பேக்கிங் கிடையாது, பசைதான். கிளட்ச்சுக்காகக் கியர்பாக்ஸ் இறங்கும்போது சேர்த்துப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். கிளட்ச் இன்னும் வழுக்கவில்லை. போன ஞாயிறு அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக் கறை, தேதி போட்டுவிட்டேன்.