மானியம் வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

காட்டுயிர் பாதுகாப்புக்கு வெளிநாட்டு நிதி வாங்கித் தருவதாகச் சொல்லிச் சிறிய அமைப்புகளைத் தேடி வரும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் எங்கள் அறக்கட்டளை 40,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறது. பெயரைப் போட்டால் அவதூறு வழக்குப் போடுவார்களாம். செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் அய்யலூர்ப் பக்கம் தேவாங்குகளைக் கணக்கெடுப்பவர்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு 2022இல் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு வெளியே, தோட்டத்து வேலிகளிலும் சாலையோர மரங்களிலும் வாழும் தேவாங்குகளுக்காகத்தான் நிதி தேடினோம்.

வந்தவர் நயமாகப் பேசினார். பதிவுக் கட்டணம் 15,000, திட்ட அறிக்கை எழுத 25,000. பதிவுக் கட்டணம் நிதி நிறுவனத்துக்கே போகிறதாம். பச்சைப் பொய். காட்டுயிர் பாதுகாப்புக்கு மானியம் தரும் ரஃபர்டு அறக்கட்டளை ஆகட்டும், முகமது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம் ஆகட்டும், விண்ணப்பத்துக்கு ஒரு பைசா வாங்குவதில்லை. அவர்களுடைய இணையதளத்தில் நாமே நிரப்பலாம்.

திட்ட அறிக்கை கைக்கு வந்தபோதுதான் வயிறு எரிந்தது. இரவுக் கணக்கெடுப்புக்கு வேண்டிய சிவப்பு ஒளி விளக்கு ஒன்றுகூடச் செலவுப் பட்டியலில் இல்லை. 'படகு வாடகை, டீசல்' என்று ஒன்றரை லட்சம் இருக்கிறது. கடவூர் மலைக்காட்டில் படகு! மன்னார் வளைகுடாவுக்கு யாரோ எழுதியதை எடுத்து, 'கடற்பசு' என்றிருந்த இடத்திலெல்லாம் 'தேவாங்கு' என்று மாற்றியிருக்கிறார்கள். பூச்சி தின்னும் தேவாங்கு ஐந்தாம் பக்கத்தில் கடற்புல் மேய்கிறது. பரிந்துரையாளராகப் போட்டிருந்த பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்டால், எங்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இதைவிட ஆபத்தானது அடுத்த பேச்சு. "வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு உங்களிடம் இல்லையே, பணம் எங்கள் கணக்குக்கு வரட்டும், 15 விழுக்காடு கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம்" என்றார். வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான பதிவு அது. அந்தச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது. பணம் முதலில் வந்திறங்க வேண்டியதும் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான். பதிவு கேட்க அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், எங்களுக்கு ஆகவில்லை. இதே தொழிலில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? அந்த வழிக்குச் சம்மதித்திருந்தால் இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. ரசீதைப் பாருங்கள் என்றார். அதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று அச்சிட்டிருக்கிறது. காவல் நிலையத்திலும் அதைப் பார்த்துவிட்டு, கொடுக்கல் வாங்கல் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வாட்ஸ்அப் குரல் பதிவுகளை இணைத்து மாவட்டக் குற்றப் பிரிவில் மனு கொடுத்திருக்கிறோம். இதே பேச்சைக் கேட்டுப் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் ரசீதையும் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். இன்னும் இரண்டு அமைப்புகள் புகார் கொடுத்தால் வழக்கு நிற்கும் என்கிறார் எங்கள் வக்கீல்.