பச்சை மை பேராசிரியரின் புத்தகங்கள்: திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக் கடை

பாரதி சாலையை நான் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்வேன். அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. நீல ஷட்டர், வாசலில் நீட் வினாத்தாள் கட்டுகள், பழைய கைடுகள். அதையெல்லாம் தாண்டி உள்ளே போக வேண்டும்.

பள்ளி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். போன மாதம் கடைக்கார பாய் போன் செய்தார். "அம்மா, ஒரு சைக்காலஜி புரொபசர் வீட்டுப் புத்தகம் மொத்தமா வந்திருக்கு. பிரிக்காம வச்சிருக்கேன், வந்து பாருங்க."

அந்தப் 'பிரிக்காம'வுக்காகவே இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பொதுவாக, விலை போகும் கெட்டி அட்டைப் புத்தகங்களை ஒதுக்கிக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டுவிடுவார்கள். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவரின் புத்தகங்கள் அப்படித்தான் போயின. கேள்விப்பட்டு நான் ஓடியபோது தராசில் ஏறி இறங்கி முடிந்திருந்தது. பத்து வருடமாகியும் மனசு ஆறவில்லை.

இங்கே நான்கு இரும்பு அலமாரி நிறைய, வீட்டில் இருந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தார். எட்வின் போரிங் எழுதிய சோதனை உளவியல் வரலாறு, 1950-ல் திருத்தி வந்த பதிப்பு. வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் இரண்டு தொகுதிகளாக எழுதிய பெரிய உளவியல் நூலில் முதல் தொகுதி மட்டும், டோவர் பதிப்பகத்தின் மறுபதிப்பு. ஒரு மரப்பெட்டியில் பாட்டியா நுண்ணறிவுச் சோதனை. எழுதப் படிக்கத் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகளையும் சோதிக்க முடியவேண்டும் என்று 1950-களில் உருவானது. சொல்லைவிடக் கட்டைகளையும் படங்களையும் நம்பியது. இந்தப் பெட்டியில் 16 வண்ணக் கட்டைகளில் இரண்டைக் காணோம்.

புத்தகங்களைவிட ஓரக் குறிப்புகள்தான் என்னை அங்கேயே உட்கார வைத்தன. பச்சை மையில், பொடி எழுத்தில், ஆங்கிலக் கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் தேடியிருக்கிறார். 'எமோஷன்' பக்கத்தில் உணர்ச்சி என்று எழுதி அடித்து, மனவெழுச்சி. 'இன்ஸ்டிங்ட்' பக்கத்தில் இயல்பூக்கம், கூடவே ஒரு கேள்விக்குறி. 'பெர்செப்ஷனுக்கு' மூன்று சொல் எழுதியும் திருப்தியில்லை போலும், மூன்றையுமே அடித்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த சொற்களோடு ஒரு மனிதர் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று பார்க்கும்போது கண் கலங்கிவிட்டது.

அப்புறம் இரண்டு செருப்பு டப்பா நிறைய, ஆய்விதழ்க் கட்டுரைகளின் தனிப்படிகள், அதாவது எழுதியவர் மற்றவர்களுக்கு அனுப்புவதற்காக ஒரு கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்ட பிரதிகள். எடைக்கு முதலில் போவது இவைதான். ஆனால் யார் யாருக்கு அனுப்பினார்கள், யார் யாரைப் படித்தார்கள் என்பது இவற்றில்தான் இருக்கும். ஜெர்மனியின் லைப்சிக்கில் 1879-ல் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட் 1920-ல் இறந்த பிறகு, அவருடைய நூலகத்தின் பெரும்பகுதியை ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகம் வாங்கியது. ஆயிரக்கணக்கான தனிப்படிகளும் கூடவே சென்டாய் நகரத்துக்குப் போயின. 1943-ல் குண்டுவீச்சில் லைப்சிக் ஆய்வுக்கூடம் அழிந்தது. கப்பலேறிய காகிதங்கள் பிழைத்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? மறைமலையடிகள் 1922-லேயே அறிதுயில் (ஹிப்னாடிசம்) பற்றித் தமிழில் புத்தகம் எழுதியவர். அவர் சேர்த்த நூல்களைச் சிதறவிடாமல் நூலகமாக்கியதால்தான், எதையெல்லாம் படித்துவிட்டு அவர் அப்படி எழுதினார் என்று தேடிப் பார்க்க இன்றும் வழி இருக்கிறது.

இந்தப் பேராசிரியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குடும்பத்தினர் இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தார்களாம், இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மொத்தமாக வாங்க எனக்கும் வசதியில்லை. அதனால் பாயிடம் அனுமதி கேட்டு, ஒன்றுகூட விற்பதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் வரிசை தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் ஆனது. ஸ்டூல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, டார்ச்சும் பிடித்தார்.

டப்பா இரண்டும் 600 ரூபாய், ஜேம்ஸ் 400, மரப்பெட்டி 900. வாசல் புத்தகங்களுக்குப் பேரம் பேசலாம், உள்ளே இருப்பவற்றுக்குக் குறைக்கமாட்டார். அது நியாயம் என்றே நினைக்கிறேன். பில் கிடையாது, ஜிபே உண்டு. தூசி அதிகம், மாஸ்க் கொண்டு போங்கள். சில கட்டுகளில் வெள்ளிப்பூச்சி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உதறி, தனியாக வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும்.

மீதியை மாதக் கடைசி வரை பிரிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். துறையில் இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜேம்ஸின் இரண்டாம் தொகுதி, பச்சை மைக் குறிப்புகளோடு, யாரிடமாவது இருந்தால் பாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முதல் தொகுதி என்னிடம் இருக்கிறது.